அத்தியாயம் 7: ஹாலில் ஓர் ஆடுகளம்

உட்கார்ந்த இடத்திலிருந்து விரலை மட்டும் அசைப்பதுதான் வீடியோ கேம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். எழுந்து நின்று, குதித்து, கை வீசி ஆட வேண்டிய விளையாட்டுகள் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1986இல் காலால் மிதித்து ஆடும் ஒரு பாயை நின்டெண்டோ கருவிக்காக விற்றது. 1998இல் கொனாமி நிறுவனத்தின் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’, விளையாட்டு நிலையங்களில் இளைஞர்களை அம்புக்குறிகளின்மேல் ஆட வைத்தது. 2006இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் அதை அரசுப் பள்ளிகளின் உடற்கல்வி வகுப்புக்கே கொண்டுபோக முடிவு செய்தது. அதே ஆண்டு வந்த நின்டெண்டோ வீ, ஒரு சின்ன ரிமோட்டை மட்டையாக நினைத்து வீசச் சொன்னது. அடுத்த ஆண்டின் இறுதியில் ‘வீ ஃபிட்’ வந்தது. ஏறி நின்றால் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளக்கும் பலகையும் அதோடு வந்தது. 2010இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமரா கையில் எதுவுமே இல்லாமல் ஆட வழி செய்தது. 2019இல் வந்த ‘ரிங் ஃபிட் அட்வெஞ்சர்’ விளையாட்டில் தொடையில் பட்டை கட்டிக்கொண்டு நின்ற இடத்தில் ஓட வேண்டும். கையிலுள்ள வளையத்தை அழுத்தியும் இழுத்தும் எதிரியை வீழ்த்த வேண்டும்.

இவற்றின் விற்பனைக் கணக்கைப் பார்த்தால் உலகமே வீட்டுக்குள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ‘வீ ஃபிட்’ 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. கினெக்ட் முதல் 60 நாட்களிலேயே 80 லட்சம் விற்றது. ஆனால் கினெக்டின் தயாரிப்பு 2017இல் நின்றுபோனது. அதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், வாங்கும் ஆசைக்கும் ஆடும் பழக்கத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. இந்த அத்தியாயத்தின் வாதமும் அதுவே. உடலசைவு வீடியோ கேம் மனிதர்களை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடும்; அந்த அளவில் அது நல்ல கருவி. எழுந்தவர்களை மாதக்கணக்கில் ஆட வைப்பது அதனால் ஆகாது. அந்த வேலையை யார், எப்போது, யாரோடு ஆடுவது என்று வீட்டார் செய்துகொள்ளும் ஏற்பாடுதான் செய்யும். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் யோசனையில் பாதியையாவது இந்த ஏற்பாட்டுக்குச் செலவிட வேண்டும்.

இந்த யோசனைக்கு நம் நாட்டில் அவசரமான காரணம் இருக்கிறது. 2024இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த கணக்கீட்டின்படி, இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். அதற்குப் பத்தாண்டு முன்பு, 2014இல் வெளியான, தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நடத்திய பெரிய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஓய்வு நேரத்தில் விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடலை அசைப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நம் உடலுழைப்பு வேலையிலும் போக்குவரத்திலும்தான் இருந்தது. அவை இரண்டும் நாற்காலிக்கும் வண்டிக்கும் மாறிய பிறகு அந்த இடத்தை நிரப்ப விளையாடும் பழக்கம் நம்மிடம் இல்லை. வீட்டுக்குள் நுழையக்கூடிய எந்த விளையாட்டையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாத நிலை இது.

எவ்வளவு அசைவு கிடைக்கிறது?

முதலில் அளவைப் பார்ப்போம். உடல் செலவழிக்கும் ஆற்றலை அளக்க ‘மெட்’ என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு. அதற்கு மேல் கடுமையான உழைப்பு. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது ஏறத்தாழ 3. டோக்கியோவில் ஆய்வாளர்கள் வயதுவந்தோர் 12 பேரை ஆற்றல் அளக்கும் அறைக்குள் வைத்து ‘வீ ஸ்போர்ட்ஸ்’, ‘வீ ஃபிட்’ இரண்டிலும் உள்ள 68 செயல்களைச் செய்யச் சொன்னார்கள். 2010இல் வெளியான முடிவு இது: கோல்ஃப் 2, பந்துருட்டும் பௌலிங் 2.6, டென்னிஸும் பேஸ்பாலும் 3, குத்துச்சண்டை 4.2. மூன்றில் இரண்டு பங்கு செயல்கள் மிதமான உழைப்பு என்ற கோட்டைக்கூடத் தொடவில்லை. கடுமையான உழைப்பு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. ஆய்வுக்கு நிதி கொடுத்தது நின்டெண்டோ நிறுவனம். அப்படியிருந்தும் அதைக் குளிர்விக்கும் முடிவு வரவில்லை என்பதால் இந்த எண்களை நம்பலாம். இங்கிலாந்தின் லிவர்பூலில் 13 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளிடம் நடத்திய சிறிய ஆய்வும் 2007இல் இதையே சொன்னது: உட்கார்ந்து ஆடும் கேமைவிட இதில் 51 சதவீதமாவது அதிக ஆற்றல் செலவாகிறது, ஆனால் அதே விளையாட்டை மைதானத்தில் ஆடுவதற்கு இது ஈடாகாது.

இந்த எண்களிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, விளையாட்டின் பெயரைப் பார்த்து உழைப்பை எடைபோடக் கூடாது. டென்னிஸ் என்று பெயர் இருந்தாலும் ஹாலில் நடப்பது மெதுநடைதான். காலுக்கும் தொடைக்கும் வேலை கொடுக்கிற விளையாட்டு, கையை மட்டும் அசைக்கிற விளையாட்டைவிடப் பொதுவாக மேல். தொடைத் தசைகள்தான் உடலின் பெரிய தசைகள். நடனம், குத்துச்சண்டை, நின்ற இடத்து ஓட்டம், உட்கார்ந்தெழுதல் இவை முதல் வரிசை. பௌலிங், கோல்ஃப், வில்வித்தை எல்லாம் பொழுதுபோக்கு; தாத்தா பாட்டிக்கும் மிகச் சிறியவர்களுக்கும் பொருத்தமானவை. இரண்டாவது, ஆடும் விதத்தில் ஏமாற்ற நிறைய இடம் இருக்கிறது. வீ டென்னிஸில் தோளைச் சுழற்றி அடிப்பதும், சோஃபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை வெடுக்கென்று திருப்புவதும் கருவிக்கு ஏறத்தாழ ஒன்றே. யூபிசாஃப்ட் வெளியிடும் ‘ஜஸ்ட் டான்ஸ்’ வலது கையில் பிடித்திருக்கும் ரிமோட்டையோ செல்போனையோதான் கவனிக்கிறது. இடுப்பும் காலும் சும்மா இருந்தாலும் மதிப்பெண் விழும். இரண்டு நாளில் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘உட்கார்ந்து எடுத்த புள்ளி செல்லாது, கால் அசையாத பாட்டு கணக்கில் வராது’ என்ற விதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். காலிலும் உணரி கட்டுகிற விளையாட்டுகளில் இந்த ஏமாற்று குறைவு.

சரியான அளவில் ஆடுகிறோமா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஆடிக்கொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் பேச மூச்சு விடவில்லை என்றால் கடுமையான உழைப்பு. பாட்டும் பாட முடிகிறது என்றால் வேறு விளையாட்டுக்கு மாற வேண்டும், அல்லது இன்னும் குனிந்து நிமிர்ந்து ஆட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வயதுவந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் ஹாலில் ஆடினால் பெரியவர்களுக்கு 90 நிமிடம் சேரும். மீதியை நடையும் படிக்கட்டும் நிரப்ப வேண்டும். ஹால் ஆட்டம் மட்டுமே போதும் என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

இனி தொடர்ச்சியைப் பற்றிய சான்றுகளுக்கு வருவோம். மிசிசிப்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 குடும்பங்களுக்கு ‘வீ ஃபிட்’ கருவியைக் கொடுத்து மூன்று மாதம் கவனித்தார்கள். முதல் ஆறு வாரம் ஒரு வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 22 நிமிடம் ஆட்டம் நடந்தது. அடுத்த ஆறு வாரத்தில் அது 4 நிமிடமாகச் சுருங்கியது. பிள்ளைகளின் மூச்சுத்திறனில் சிறிது முன்னேற்றம் இருந்தது. மற்றபடி குடும்பத்தின் உடல்தகுதியில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு உடலசைவு கேம்களையும் மற்றவர்களுக்குச் சாதாரண கேம்களையும் கொடுத்து, எப்படி ஆட வேண்டும் என்று எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அசைவை அளக்கும் கருவியை இடுப்பில் கட்டிப் பார்த்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை என்று 2012இல் முடிவு வந்தது. ஒன்று, பிள்ளைகள் தளர்வாக ஆடியிருக்க வேண்டும். அல்லது ஆடிய களைப்பை மற்ற நேரத்தில் உட்கார்ந்து ஈடுகட்டியிருக்க வேண்டும். நியூசிலாந்தில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ள 322 பிள்ளைகளிடம் 24 வாரம் நடந்த பெரிய ஆய்வில் பலன் இருந்தது. ஆனால் உடல் நிறை குறியீட்டெண்ணில் கிடைத்த வித்தியாசம் 0.24 மட்டுமே.

இவ்வளவோடு நிறுத்தினால் இந்த அத்தியாயமே தேவையில்லை. வேறு இரண்டு ஆய்வுகள் கதையின் மறுபாதியைச் சொல்கின்றன. நெதர்லாந்தில் 9 முதல் 12 வயதுள்ள 27 பிள்ளைகளுக்கு நடன கேமைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு வீட்டில் மட்டும் ஆடியது. இன்னொரு பிரிவுக்கு, வீட்டில் ஆடுவதோடு, வாரம் ஒருமுறை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடும் வகுப்பும் இருந்தது. 12 வாரம் முடிந்தபோது வீட்டுப் பிரிவில் 64 சதவீதம் பேர் விட்டுவிட்டார்கள். சேர்ந்து ஆடிய பிரிவில் 15 சதவீதம் பேர்தான் விட்டார்கள். கருவி ஒன்றே, பாட்டும் ஒன்றே. துணை இருந்தது மட்டும்தான் வித்தியாசம். அமெரிக்காவின் லூசியானாவில் 8 முதல் 12 வயதுள்ள பருமனான பிள்ளைகள் 46 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அதில் பாதிப்பேருக்குக் கினெக்ட் கருவியோடு 24 வாரத்துக்கான பாடத்திட்டமும் கொடுத்தார்கள்: வாரம் மூன்று நாள், குடும்பத்தாரோடு அல்லது நண்பரோடு ஆட வேண்டும்; பயிற்சியாளர் ஒருவர் அவ்வப்போது வீடியோ அழைப்பில் வந்து விசாரிப்பார். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஆட்ட நாட்களை அந்தப் பிள்ளைகள் தவறவிடவில்லை. அவர்களுடைய மிதமான மற்றும் கடுமையான உழைப்பு நேரம் 10 சதவீதம் கூடியது. கருவி பெறாத பிள்ளைகளுக்கு அது 22 சதவீதம் குறைந்தது. எடைக் கணக்கும் இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் நல்ல பக்கம் திரும்பின.

இவற்றில் பல சிறிய ஆய்வுகள். தனித்தனியே எடுத்தால் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. கருவியை வீட்டில் இறக்கிவிட்டு விலகிய இடங்களில் ஆட்டம் ஆறு வாரத்தில் ஓய்ந்தது, அல்லது தொடங்கவே இல்லை. நாள் குறித்து, துணை சேர்த்து, கேட்பதற்கு ஓர் ஆளையும் வைத்த இடங்களில் நிலைத்தது. லூசியானாவின் பயிற்சியாளர் நமக்குக் கிடைக்க மாட்டார். ஆனால் அவர் செய்த வேலையில் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ‘இந்த வாரம் ஆடினீர்களா, எது கஷ்டமாக இருந்தது?’ என்று கேட்டார். அதைக் கேட்க ஊரிலிருக்கும் சித்தப்பாவோ வெளிநாட்டிலிருக்கும் அத்தையோ போதும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இது இருக்கட்டும்.

ஏற்பாடு என்பது என்ன?

முதல் வேலை, நேரம் குறிப்பது. ‘நேரம் கிடைக்கும்போது ஆடலாம்’ என்று விட்ட வீட்டில் ஆறாவது வாரத்தை யாரும் தாண்டுவதில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாளும், அரை மணி நேரமும் போதும். எந்த அரை மணி என்பதில்தான் நம் வீடுகள் தவறுகின்றன. மாலை ஏழரை மணி எல்லோருக்கும் வசதி என்று தோன்றும். அப்போது அம்மா அடுப்படியில் தோசைக்கல்லோடு நிற்பார். ஹாலில் ஆடுவது ‘குடும்பம்’, சமையலறையில் நிற்பது அம்மா என்று ஆகிவிடும். உடலுழைப்புக் குறைவு பெண்களிடம்தான் அதிகம் என்று மேலே பார்த்தோம். அவர்களை விட்டுவிட்டு ஆடுவது மருந்தை நோயாளிக்குக் கொடுக்காமல் மற்றவர்கள் குடிப்பதைப் போன்றது. அதனால் அம்மாவுக்கு ஒழியும் நேரம் எதுவோ, அதுவே ஆட்ட நேரம். அது காலை ஆறரையாக இருக்கலாம், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்த ஐந்தரையாக இருக்கலாம். இல்லையென்றால் ஆட்ட நாட்களில் இரவுச் சமையலை வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எதுவாயினும் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

அடுத்தது, காத்திருப்பவர்களின் சிக்கல். நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு கன்ட்ரோலர்தான் இருக்கும். அரை மணி ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பதினைந்து நிமிடம். அதிலும் பாட்டைத் தேர்ந்தெடுப்பது, திரை ஏறுவது, மதிப்பெண் பார்ப்பது என்று மூன்று நான்கு நிமிடம் போகும். மற்ற இருவர் சோஃபாவில் இருப்பார்கள். இதற்கு எளிய வழி உண்டு. நடன கேமில் திரையிலுள்ள ஆள் கண்ணாடியில் தெரிவதுபோல் ஆடுவார். கன்ட்ரோலர் இல்லாதவரும் பின்வரிசையில் நின்று அப்படியே ஆடலாம், மதிப்பெண் மட்டும் விழாது. ஒருவர் மாற்றி ஒருவர் ஆட வேண்டிய ‘ரிங் ஃபிட்’ போன்ற விளையாட்டில், ஆடுபவர் உட்கார்ந்தெழும்போது காத்திருப்பவர்களும் உட்கார்ந்தெழ வேண்டும் என்று விதி வைக்கலாம். பாட்டு வரிசையை ஆட்டத்துக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். அந்தப் பொறுப்பை வாரத்துக்கு ஒருவரிடம் கொடுத்தால் சண்டையும் குறையும்.

ஆட்டத்தின் வடிவம் இப்படி இருக்கலாம். முதல் ஐந்து நிமிடம் மெதுவான பாட்டு, தோள் சுழற்றல், கணுக்கால் சுழற்றல். அடுத்த இருபது நிமிடம் மூச்சு வாங்கும் ஆட்டம்: இரண்டு வேகமான பாட்டுக்கு ஒரு மிதமான பாட்டு என்ற கணக்கில். கடைசி ஐந்து நிமிடம் பௌலிங் போன்ற இலேசான போட்டி அல்லது தசை நீட்டல். வாரத்தில் இரண்டு நாளாவது தொடைக்கும் வயிற்றுக்கும் வலு சேர்க்கிற ஆட்டம் இருக்க வேண்டும். நடனம் மட்டுமே ஆடினால் போதிய தசை வலு சேராது. வயதுவந்தோர் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே பரிந்துரையில் இருக்கிறது. அரை மணி முடிந்ததும் கருவியை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் விட்டால் அதே திரையில் உட்கார்ந்து ஆடும் கேம் தொடங்கும்; ஆடிச் சேர்த்தது அங்கே கரையும்.

போட்டியை எப்படி வைப்பது என்பதும் ஏற்பாட்டில் அடங்கும். அப்பாவுக்கும் பத்து வயதுப் பையனுக்கும் புள்ளிப் போட்டி வைத்தால் பெரும்பாலும் பையன் ஜெயிப்பான். அப்பா மூன்றாவது வாரம் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். பாட்டியோ எப்போதும் தோற்பார். புள்ளிக்குப் பதில் வருகையை எண்ணுங்கள். காலண்டரில் ஆடிய நாளில் ஒவ்வொருவரும் ஒரு கோடு போடட்டும்; மாதம் முடிந்து அதிகக் கோடு யாருக்கோ அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று முடிவு செய்யட்டும். வருகைப் போட்டியில் எழுபது வயதும் ஏழு வயதும் சமம்.

இடமும் எச்சரிக்கையும்

ஹாலில் எவ்வளவு இடம் வேண்டும்? கினெக்டுக்கு ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தூரம் சொல்லப்பட்டது. தலையில் மாட்டும் மெய்நிகர் கருவிகளுக்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். பொதுவாக, கையை விரித்துச் சுற்றினால் எதிலும் படக் கூடாது என்ற அளவு போதும். டீபாயை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கண்ணாடி டீபாய் என்றால் வேறு அறைக்கே அனுப்புங்கள். தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியை மறக்க வேண்டாம்; உயரமானவர் கையைத் தூக்கிக் குதிக்கும் ஆட்டத்தை விசிறிக்கு நேர் கீழே ஆடக் கூடாது. கட்டில்மேலும் திண்ணைமேலும் நின்று ஆடுவதை அடியோடு தடுங்கள். மொசைக், டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும். காலுறையோடு ஆடினால் இன்னும் மோசம். ஜமுக்காளமும் மெல்லிய யோகா பாயும் தரையோடு நகரும். கனமான ரப்பர் பாய் நகராது. மாடி வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டையும் நினைக்க வேண்டும். ‘ரிங் ஃபிட்’ விளையாட்டில் ஓட்டத்துக்குப் பதில் முழங்காலை மடக்கி எழும் சத்தமில்லா முறை இருக்கிறது. இரவில் ஆடுபவர்களுக்கு அது நல்லது.

கையில் பிடிக்கும் ரிமோட்டின் பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் யாரும் ஆடக் கூடாது. வீ வந்த புதிதில், 2006 டிசம்பரில், பட்டை அறுந்து ரிமோட் பறக்கிறது என்ற புகார்களால் நின்டெண்டோ 32 லட்சம் பட்டைகளை மாற்றித்தர வேண்டியிருந்தது. 2007இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில், மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடியவருக்கு வந்த தோள் தசைநாண் வீக்கத்தைப் பற்றி ஒரு குறிப்பு வெளியானது. உண்மையான மட்டைக்கு எடை இருக்கிறது, பந்து மோதும்போது கை நிற்கிறது. ரிமோட்டில் இரண்டும் இல்லாததால் களைப்பு தெரியாமல் வீசிக்கொண்டே இருக்கத் தோன்றும். அரை மணி என்ற எல்லை சோம்பேறிகளுக்கு மட்டுமல்ல, ஆர்வக்காரர்களுக்கும்தான்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது. கையெட்டும் தூரத்தில் இனிப்பு இருக்கட்டும். கால் மரத்துப்போகும் தொந்தரவு உள்ளவர்கள் வெறுங்காலோடு ஆடாமல் வீட்டுக்குள் அணியும் காலணி போட்டுக்கொள்ள வேண்டும். இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், கர்ப்பம், முழங்கால் தேய்மானம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மின்னும் திரையால் வலிப்பு வரக்கூடியவர்களும் உண்டு. இந்த எச்சரிக்கை கேம்களோடு வரும் குறிப்புகளிலேயே இருக்கும். முதியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி மிகவும் பயன்படும். ஆனால் கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, பக்கத்தில் ஒருவர் நிற்க ஆட வேண்டும். கண்ணை மூடும் மெய்நிகர் கருவி விழும் ஆபத்துள்ள முதியவர்களுக்கு வேண்டாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வேண்டாம்.

மூன்று ஆட்சேபங்கள்

‘திரை நேரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு இன்னொரு திரையா?’ என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்வி. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் கவலைப்படுவது உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரத்தைப் பற்றி. எழுந்து ஆடும் அரை மணி அந்தக் கணக்கில் வராது. ஆனால் அது உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்குப் பதிலாக வர வேண்டும், கூடுதலாக வரக் கூடாது. ஆட்ட நாட்களில் வேறு திரை நேரத்தில் அரை மணி குறையும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தச் சலுகையும் கிடையாது. குழந்தையோடு தரையில் ஓடி ஆடுவதே போதும்.

‘வெளியே போய் விளையாடலாமே’ என்பது இரண்டாவது. போகலாம், போக வேண்டும். மேலே சொன்ன அளவுகளே மைதானம் மேல் என்று காட்டுகின்றன. ஆனால் எல்லா வீட்டுக்கும் மைதானம் இல்லை. சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் இருக்கின்றன. இருட்டிய பிறகு வெளியே போய் ஓடப் பல பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தெரு இடம் கொடுப்பதில்லை. வளரிளம் பெண்களுக்காகச் சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் ‘தாண்டவ்’ என்ற பத்து நிமிட வேக நடனத்தை உருவாக்கியதும், இடமும் நேரமும் கேட்காத பயிற்சி அவர்களுக்குத் தேவை என்பதால்தான். ஹால் ஆட்டம் மைதானத்துக்குப் போட்டியில்லை. மைதானம் கிடைக்காத நாளுக்கான ஏற்பாடு. மொட்டைமாடியில் ஷட்டில் ஆட முடிகிற மாலையில் கருவியைத் தொடவே வேண்டாம். காலண்டரில் அதற்கும் ஒரு கோடு போடலாம்.

மூன்றாவது ஆட்சேபம் பிள்ளைகளின் மனத்தைப் பற்றியது. எடையையும் உயரத்தையும் கேட்டு ‘நீ குண்டு’ என்று கருவியே சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு; ‘வீ ஃபிட்’ 2008இல் பிரிட்டனில் இதற்காகக் கடும் விமர்சனத்துக்கு ஆளானது. வளரும் பிள்ளைக்கு உடல் நிறை குறியீட்டெண்ணை வயதோடும் பாலினத்தோடும் வைத்துத்தான் படிக்க வேண்டும். பெரியவர்களிலும் இந்தியர்களுக்கு அதிக எடைக்கான எல்லை 25 அல்ல, 23 என்று நம் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கருவி ‘சரி’ என்று சொல்வது நமக்குச் சரியாக இருக்காமல் போகலாம். எடை கேட்கும் இடத்தில் பெரியவரே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள்; அந்தத் திரையைப் பிள்ளைகளிடம் காட்டாதீர்கள். எடையைப் பற்றிய பேச்சை மருத்துவரிடம் வைத்துக்கொள்ளுங்கள், ஹாலில் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

செலவைப் பற்றிய தயக்கத்துக்கு மிசிசிப்பியின் அந்த ஆறு வாரமே பதில். புதிதாய் ஒன்றும் வாங்காமல், வீட்டில் இருக்கும் டிவியையும் செல்போனையும் வைத்து ஆறு வாரம் ஆடிப் பாருங்கள். நடன கேம்களின் வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. மதிப்பெண் வராது, அசைவு வரும். செல்போனையே ரிமோட்டாகப் பிடித்து ஆடும் ‘ஜஸ்ட் டான்ஸ் நவ்’ போன்றவையும் உண்டு. வாரம் மூன்று நாள் என்ற கணக்கில் 18 ஆட்டங்களில் எத்தனை நடந்தன என்று காலண்டரைப் பாருங்கள். 12க்குக் குறையாமல் நடந்திருந்தால் உங்கள் வீட்டில் ஏற்பாடு பிடித்துவிட்டது. கருவி வாங்கலாம், முடிந்தால் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதையே. வாங்கும்போது நான்கைப் பாருங்கள்: காலுக்கு வேலை இருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடலாம், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடினநிலையும் வைக்க முடியுமா, மாதச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறதா. 12க்குக் குறைவாக நடந்திருந்தால் கருவி அதைச் சரிசெய்யாது. யாருடைய நேரம் பொருந்தவில்லை, யார் தோற்றுத் தோற்றுச் சலித்தார், யார் சமையலறையில் நின்றுவிட்டார் என்று பேசி, நேரத்தை மாற்றி, இன்னோர் ஆறு வாரம் முயலுங்கள். அதற்குப் பிறகும் நடக்கவில்லை என்றால் கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஆளுக்கொரு நல்ல நடைக் காலணி வாங்கலாம். அந்தப் பணமும் உடலுக்கே போய்ச் சேரும்.